வேலை உளவியலில் படித்தது உங்கள் உடம்போடு ஒத்துப்போனதுண்டா?

பதினோரு வருடமாகக் கால் சென்டர் வேலை. வேலை அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979இல் முன்வைத்த கருத்தைச் சமீபத்தில்தான் படித்தேன். வேலைச்சுமை மட்டும் ஆளைச் சாய்ப்பதில்லையாம். சுமையும் ஏறி, அதை எப்படிச் செய்வது என்ற முடிவும் நம் கையில் இல்லாதபோதுதான் நெருக்கடி முற்றுகிறது. படித்ததும் என் தாடைதான் ஞாபகம் வந்தது. இரண்டு அழைப்புகளுக்கு நடுவே எத்தனை நொடி மூச்சு விடலாம் என்பதைக்கூடத் திரைதான் தீர்மானிக்கிறது. பல்லைக் கடித்துக் கடித்து, மாலையில் காதுவரை வலி. உங்களுக்கு?

பதில் 1:
எனக்கு, சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்டு 1983இல் எழுதிய உணர்ச்சி உழைப்பு, அதாவது சம்பளத்துக்காக முகத்தில் உணர்ச்சியை வரவழைப்பதும் ஓர் உழைப்புதான் என்பது. அவர் விமானப் பணிப்பெண்களைப் பார்த்து எழுதினார். நான் வரவேற்பு மேசை. வீட்டுக்கு வந்தும் சிரிப்பு முகத்தைவிட்டு இறங்காது. கன்னம் மரத்துக் கிடக்கும்.

பதில் 2:
முதலில் பல் மருத்துவரைப் பாருங்கள். கோட்பாடெல்லாம் அப்புறம்.

கேட்டவர்:
பார்த்தாச்சுங்க. இரவில் பல்லில் மாட்ட உறை கொடுத்தார். விடுமுறையில் அது தேவைப்படவே இல்லை, அதனால்தான் கேட்டேன்.

பதில் 3:
நான் தச்சுவேலை. என் இஷ்டத்துக்குச் செய்த நாளிலும் தோள் வலிக்கும். ஆனால் படுத்ததும் தூக்கம் வந்துவிடும். அடுத்தவர் விரட்டிய நாளில் அதே தோள், விடியவிடிய விழிப்பு.