அண்டர் 17 பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது: என்பிஏயா, கொலிஜா?

கொட்டாஞ்சேனை_பெஞ்ச்

வணக்கம். 17 வயதுக்குட்பட்ட பொடியன்மார் கூடைப்பந்து அணியொன்றின் பயிற்சிக்கு உதவி செய்கிறேன். பிள்ளைகள் பார்ப்பதெல்லாம் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ. அதுவும் முழு மெட்ச் இல்லை, போனில் வரும் ஒரு நிமிட கிளிப்புகள். ஆளுக்கு ஆள் டிஃபென்ஸ் என்றால் நன்றாக வெட்டி உள்ளே போகிறார்கள். எதிரணி 2-3 ஸோனில் (ஆளை விட்டு இடத்தைக் காப்பது, முன்னால் இருவர், பின்னால் மூவர்) நின்றதும் எல்லாம் நின்றுபோகிறது. பந்து வெளியிலேயே சுற்றும், ஷொட் குளொக்கில் (எறிவதற்கான நேரக் கெடு) நாலைந்து செக்கன் இருக்கும்போது யாராவது தூரத்திலிருந்து ஒரு த்ரீ (மூன்று புள்ளி ஷொட்) எறிவார்கள்.

அமெரிக்கக் கொலிஜ் ஆட்டங்களைக் காட்டினால் பயன் உண்டா? என்பிஏயைவிட ஒரு படி குறைந்த ஆட்டம்தானே, அதைப் பார்த்து என்ன படிப்பது என்று ஒரு பெற்றோர் கேட்கிறார். எங்கள் அணியில் உயரமான ஆட்களும் இல்லை, ஆக உயர்ந்தவன் 6 அடி 1 அங்குலம். கொழும்பு நேரத்துக்கு எப்போது பார்க்கலாம் என்பதையும் சொன்னால் நல்லது.

வெள்ளவத்தை_ஹைபோஸ்ட்

கொலிஜ் காட்டுங்கள். ஆட்டத்தின் தரத்தை வைத்துச் சொல்லவில்லை, சட்டத்தை வைத்துச் சொல்கிறேன்.

நம் பாடசாலைப் போட்டிகள் உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் சட்டப்படி நடப்பவை. என்பிஏயில், தன் ஆளைக் கைக்கெட்டும் தூரத்தில் காக்காத டிஃபென்டர் பெயின்ட்டுக்குள் (கூடைக்கு முன்னாலுள்ள கட்டம்) 3 செக்கனுக்கு மேல் நிற்கக் கூடாது. நின்றால் டெக்னிக்கல்: ஒரு ஃப்ரீ த்ரோ, பிறகு பந்தும் தாக்கும் அணிக்கே. 2001-02 பருவத்தில் ஸோனை அனுமதித்தபோது கூடவே கொண்டுவந்த சட்டம் இது. அதனால்தான் கிளிப்புகளில் கூடைக்கு முன்னால் இடம் வெறுமையாகத் தெரிகிறது. ஃபிபாவிலும் கொலிஜிலும் அந்தச் சட்டம் இல்லை. சென்டர் ஆட்டம் முழுக்கக் கூடைக்குக் கீழேயே நிற்கலாம். உங்கள் பிள்ளைகள் பார்த்துப் பழகிய வெறும் இடம் நம் கோர்ட்டில் கிடையாது.

த்ரீ கோட்டையும் பாருங்கள். என்பிஏயில் உச்சியில் 7.24 மீற்றர். நமக்கு 6.75. கொலிஜ் ஆண்கள் 2019-20இலிருந்து அதே 6.75. அந்த அரை மீற்றர் சிறிய விஷயமில்லை. கோடு வெளியே தள்ளியிருந்தால் உதவிக்கு உள்ளே வந்த டிஃபென்டர் தன் ஆளிடம் திரும்ப அவ்வளவு அதிகம் ஓட வேண்டும். நம் கோர்ட்டில் அவன் ஒரே எட்டில் திரும்பிவிடுவான். ஒரு எச்சரிக்கை: கொலிஜ் பெயின்ட் 3.66 மீற்றர் அகலம், நம்முடையது 4.9. லோபோஸ்ட்டில் (கூடைக்கு அருகே, பெயின்ட் ஓரம்) எங்கே நிற்பது என்பதைக் கொலிஜிலிருந்து அப்படியே எடுத்தால் உங்கள் ஆள் பெயின்ட்டுக்குள் நின்று, தாக்குபவனுக்கான 3 செக்கன் விசில் வாங்குவான்.

2-3 ஸோனை உடைக்கிற விஷயம். 1-3-1 ஆக நில்லுங்கள். மேலே ஒருவன், ஸோனின் முன் இருவருக்கும் நடுவில். அவனை யார் எடுப்பது என்ற குழப்பம் அங்கேயே தொடங்கும். இரண்டு விங்கும் (பக்கத்து ஆட்கள்) ஃப்ரீ த்ரோ கோட்டின் நீட்சியில். ஒருவன் ஹைபோஸ்ட்டில், ஃப்ரீ த்ரோ கோட்டின் நடுவில். கடைசி ஆள் பேஸ்லைனில் (கூடைக்குப் பின்னாலுள்ள கோடு) பந்து போகும் பக்கமாக ஓடிக்கொண்டிருப்பான்.

எல்லாம் ஹைபோஸ்ட்டில் பந்து விழுவதில் இருக்கிறது. அவன் பிடித்ததும் நெஞ்சு கூடையைப் பார்க்க வேண்டும். முதுகு காட்டிப் பிடித்தால் அவன் திரும்புவதற்குள் மூன்று பேர் மூடிவிடுவார்கள். பிடித்ததும் முதல் பார்வை ஸோனின் சென்டரில். அவன் மேலே ஏறி வந்தால் பேஸ்லைன் ஆளுக்கு ஒரு பவுன்ஸ் பாஸ், அது லேஅப் (கூடைக்குப் பக்கத்திலிருந்து போடுவது). ஏறி வராவிட்டால் அங்கிருந்தே ஷொட், அது ஃப்ரீ த்ரோ தூரம்தான். பின்வரிசை ஓர ஆள் உள்ளே சுருங்கினால் எதிர்ப்பக்க மூலைக்குப் பாஸ்.

பிழைக்கும் இடங்களையும் சொல்கிறேன். மேலே நிற்பவன் ஹைபோஸ்ட்டையே முறைத்துப் பார்த்தால் முன் இருவரும் நெருங்கி வழியை அடைப்பார்கள். அவன் அந்த இருவரில் ஒருவனை நோக்கி இரண்டு டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டுவது) போட்டு இழுத்துவிட்டு விங்குக்குக் கொடுக்க வேண்டும், ஹைபோஸ்ட்டுக்குப் பாஸ் விங்கிலிருந்து போக வேண்டும். ஹைபோஸ்ட் ஆள் முதலிலேயே போய் அங்கே நின்றுகொண்டிருப்பதும் பிழை. ஸோனுக்குப் பின்னாலிருந்து, அவர்கள் கண் பந்தில் இருக்கும்போது, ஏறி வர வேண்டும்.

டிரில்: 5க்கு 5, 24 செக்கன், பந்து ஒருமுறையாவது ஹைபோஸ்ட்டைத் தொடாமல் ஷொட் கிடையாது. லேஅப் வந்தால் மட்டும் விதிவிலக்கு. முதல் வாரம் டிரிபிளே இல்லாமல் செய்யுங்கள். பாஸின் வேகம் தானாகக் கூடும்.

பார்க்க: சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தின் பழைய ஆட்டங்கள். ஜிம் போஹெய்ம் 1976 முதல் 2023 வரை அங்கே தலைமைப் பயிற்றுநர். 2-3 ஸோன் என்றதும் கொலிஜ் ரசிகர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர். 2003 இறுதியில் கன்சாஸை 81-78 என்று வென்றார்கள். கடைசி செக்கன்களில் மூலையிலிருந்து போன த்ரீயை ஹக்கிம் வொரிக் எட்டித் தடுத்ததைப் பாருங்கள். பின்வரிசை ஓர ஆள் எவ்வளவு தூரம் வெளியே வர முடியும் என்று பிள்ளைகளுக்கு ஒரே காட்சியில் விளங்கும்.

பம்பலப்பிட்டி_பிக்ரோல்

ஸோன் விஷயத்தில் மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனால் கொலிஜை மட்டும் காட்டினால் வேறொரு நோய் வரும்: மெதுவாக ஆடுவது.

கொலிஜில் ஷொட் குளொக் 30 செக்கன். நமக்கு 24. தாக்கும் அணி றிபவுண்ட் (தவறிய ஷொட்டின் பந்து) எடுத்தால் கொலிஜ் ஆண்களுக்கு 20, நமக்கு 14. பின்பாதியிலிருந்து பந்தைக் கடத்த அவர்களுக்கு 10 செக்கன், நமக்கு 8. பல கொலிஜ் அணிகள் முதல் 12, 15 செக்கனை மேலே பந்தைச் சுற்றிவிட்டுத்தான் தாக்கவே தொடங்கும். அதே பழக்கத்தை நம் கோர்ட்டில் கொண்டுவந்தால், உங்கள் பிள்ளைகள் இப்போது எறிகிற அதே நேரம் போன த்ரீதான் மிஞ்சும். 24 செக்கனுக்குள் இரண்டு முறை தாக்குவது எப்படி என்பதை என்பிஏயில்தான் படிக்கலாம்.

இன்னொன்று: ஹைபோஸ்ட்டில் நெஞ்சைக் கூடைக்குக் காட்டிப் பிடிப்பது என்பிஏயிலும் இருக்கிறது. த்ரீ எறிவதில் பெயர்போன ஸ்டெஃப் கரியை இருவர் மறிக்க, அவரோடு ஆடும் டிரேமண்ட் கிரீன் ஃப்ரீ த்ரோ கோட்டுப் பக்கம் பந்தைப் பிடித்து, 4க்கு 3 ஆக முடிவெடுப்பார். அந்த இடமும் அந்த முடிவும் ஸோனுக்கு எதிரான ஹைபோஸ்ட்டில் வருவதேதான். நிக்கோலா யோகிச்சும் எல்போவில் (ஃப்ரீ த்ரோ கோட்டின் முனை) நின்று அதே வேலையைச் செய்கிறார். உங்கள் ஹைபோஸ்ட் பையனுக்கு இவர்கள் இருவரையும் காட்டுங்கள்.

தரம் பற்றிய என் கருத்து: பிக் அண்ட் ரோல் (ஸ்க்ரீன் போட்டவன் கூடைப்பக்கம் ஓடுவது) வாசிப்பில், பந்தைக் கொண்டுபோகும் கொலிஜ் கார்ட்கள் என்பிஏக்குக் கிட்டவும் இல்லை. அதோடு ஏழு ஆட்டத் தொடரில் பயிற்றுநர்கள் மாற்றிக்கொள்வது உங்களைப் போன்றவர்களுக்குப் பொக்கிஷம். 2025 என்பிஏ இறுதித் தொடரில் ஒக்லஹோமா சிட்டி முதல் ஆட்டத்துக்கு உயரமான ஹார்டன்ஸ்டைனைத் தொடக்க ஐவரிலிருந்து எடுத்து, கார்ட் கேசன் வொலஸைப் போட்டது. நான்காம் ஆட்டத்தில் ஹார்டன்ஸ்டைன் திரும்ப வந்தார். அந்த இரண்டு ஆட்டங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் உயரத்துக்கும் வேகத்துக்கும் இடையில் என்ன கொடுத்து என்ன வாங்குகிறார்கள் என்று தெரியும். கொலிஜ் பருவ முடிவில் வரும் நொக்அவுட் போட்டியான மார்ச் மேட்னஸில் தோற்றால் வீட்டுக்கு, இந்தப் பாடம் அங்கே இல்லை.

இரண்டு உலகமும் சேர்ந்த ஒரு ஆட்டம் வேண்டுமென்றால் பாரிஸ் 2024 ஒலிம்பிக் அரையிறுதி, அமெரிக்கா - சேர்பியா. என்பிஏ ஆட்கள், ஃபிபா சட்டம். நான்காம் குவார்ட்டர் தொடங்கும்போது சேர்பியா 13 புள்ளி முன்னால், முடிவு 95-91 அமெரிக்காவுக்கு. கரி 36 புள்ளி.

என்பிஏ பார்த்துக் கற்கக் கூடாத மூன்றையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். நின்ற இடத்திலிருந்து டிரிபிள் தொடங்கும்போது, பந்து கையை விட்டுப் போவதற்கு முன் பிவட் காலை (ஊன்றி நிற்கும் கால்) தூக்குவது: அங்கே நடுவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டார்கள், இங்கே டிராவல். வீரன் கையைக் காட்டி டைம் அவுட் கேட்பது: ஃபிபாவில் வீரன் கேட்க முடியாது, பயிற்றுநர் மேசையில்தான் கேட்க வேண்டும். மூன்றாவது, ஆறு ஃபவுல் கணக்கு: நமக்கு ஐந்தோடு வெளியே.

வெள்ளவத்தை_ஹைபோஸ்ட்

ஷொட் குளொக் பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் கொலிஜ் தரம் என்பிஏக்குக் கிட்டவும் இல்லை என்ற பேச்சு சில வருடத்துக்கு முந்தியது. 2021இல் பெயர், படத்தை வைத்து மாணவ வீரர்கள் சம்பாதிக்க அனுமதி வந்தது. பல்கலைக்கழகம் மாறினால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்ற தடையும் தளர்ந்தது. அதன் பிறகு 22, 23 வயதுவரை பலர் கொலிஜிலேயே நிற்கிறார்கள். 2025இல் ஃபுளோரிடாவைச் சம்பியனாக்கிய வோல்ட்டர் கிளேட்டன், அயோனாவிலிருந்து மாறி வந்த இறுதியாண்டு வீரர். அந்த இறுதியில் ஹூஸ்டன் இரண்டாம் பாதியில் 12 புள்ளி முன்னால் இருந்தது, 65-63 என்று தோற்றது. கடைசி பொசெஷனில் ஹூஸ்டனுக்கு ஒரு ஷொட்டே போகவில்லை. கிளேட்டன் பாய்ந்து வந்ததைப் பார்த்து எறிய எழும்பியவன் பந்தை நழுவவிட்டான். க்ளோஸ் அவுட் (எறிபவனை நோக்கிப் பாய்ந்து மறிப்பது) சொல்லிக்கொடுக்க அதைவிடத் தெளிவான காட்சி தேடினாலும் கிடைக்காது.

தெஹிவளை_பொக்ஸ்அவுட்

உயரமில்லாத அணி என்றீர்களே, அதற்கு 2023இல் ஃபெயர்லி டிக்கின்சன் - பேர்டியூ ஆட்டத்தை முழுதாகக் காட்டுங்கள். ஃபெயர்லி டிக்கின்சன் அந்தப் பருவத்தில் கொலிஜ் முதல் பிரிவிலேயே ஆகக் குள்ளமான அணி. பேர்டியூவின் சென்டர் சாக் ஈடி 7 அடி 4 அங்குலம். மார்ச் மேட்னஸ் தரவரிசையில் 16ஆம் நிலை அணி 1ஆம் நிலை அணியை 63-58 என்று வென்றது. ஆண்கள் வரலாற்றில் அது இரண்டாவது முறை. முதலாவது 2018இல் யூஎம்பிசி வேர்ஜினியாவை 74-54.

செய்தது இதுதான்: ஈடிக்கு முன்னால் ஒருவன், பின்னால் இன்னொருவன். பந்து உள்ளே போகும் பாஸையே கடினமாக்கினார்கள். மேலே முழுக் கோர்ட் பிரஸ் (பந்து கொண்டுவரும்போதே கோர்ட் முழுதும் நெருக்குவது), அதனால் பேர்டியூ பந்தை முன்பாதிக்குக் கொண்டுவருவதிலேயே நேரம் கரைந்தது. திறந்து கிடந்த த்ரீக்களை விட்டுக்கொடுத்தார்கள், பேர்டியூ 26இல் 5 மட்டும் போட்டது. அவ்வளவும் செய்தும் ஈடி 21 புள்ளி, 15 றிபவுண்ட். ஆக, பெரிய ஆளை முழுதாக நிறுத்துவது இலக்கில்லை, மற்ற நால்வரைத் தடுமாற வைப்பதே இலக்கு. எதிரணியில் நல்ல ஷூட்டர்கள் இருவர் இருந்தால் இந்தத் திட்டம் உங்களைக் கவிழ்க்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

அடுத்தது, இங்கே யாரும் சொல்லாதது: பெண்கள் கொலிஜ் ஆட்டம். 2015-16இலிருந்து அது 10 நிமிடத்தில் நான்கு குவார்ட்டர். ஆண்கள் இன்னும் 20 நிமிடத்தில் இரண்டு பாதிதான். குவார்ட்டரில் ஐந்தாவது அணி ஃபவுலிலிருந்து இரண்டு ஃப்ரீ த்ரோ, நம்மைப் போலவே. ஆண்கள் கொலிஜில் பாதிக்கு ஏழாவது ஃபவுலிலிருந்து, முதலாவது போனால்தான் இரண்டாவது ஃப்ரீ த்ரோ என்ற வேறு கணக்கு. குவார்ட்டர் முடிவில் ஃபவுலை எப்படிச் செலவழிப்பது என்று படிக்கப் பெண்கள் ஆட்டமே நமக்கு நேர்ப் பாடம். ஆட்டமும் வளையத்துக்குக் கீழே நடப்பது. பாஸ், கட், ஸ்க்ரீன், பொக்ஸ் அவுட் (றிபவுண்டுக்கு எதிராளியை உடம்பால் மறிப்பது) எல்லாம் 17 வயதுப் பொடியன்மாரின் உடம்புக்கு எட்டுகிற அளவில் இருக்கும். ஜெனோ ஓரியெம்மா பயிற்றுவித்த யூகொன் 2025 இறுதியில் சவுத் கரோலைனாவை 82-59 என்று வென்ற ஆட்டத்தில் தொடங்குங்கள். பந்தில்லாத நால்வர் என்ன செய்கிறார்கள் என்பதை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

றிபவுண்ட் பற்றி ஒரு வரி. ஸோனில் நிற்பவனுக்கு பொக்ஸ் அவுட் செய்யத் தனக்கென்று ஒரு ஆள் இல்லை. ஆகவே ஷொட் போனதும் எதிர்ப்பக்க விங் ஒவ்வொரு முறையும் உள்ளே பாய வேண்டும். குள்ளமான அணிக்கும் அங்கே றிபவுண்ட் கிடைக்கும்.

கொட்டாஞ்சேனை_பெஞ்ச்

மூவருக்கும் பெரிய நன்றி. பிரஸ் பற்றி: நம் 8 செக்கன் சட்டத்தில் அதை முழு ஆட்டமும் செய்யலாமா? நேரத்தையும் யாராவது சொல்லிவிடுங்கள்.

தெஹிவளை_பொக்ஸ்அவுட்

நேரம் முதலில். ஜனவரி, பெப்ரவரியில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் சனி நண்பகல் தொடங்கும் கொலிஜ் ஆட்டம் கொழும்பில் சனி இரவு 10.30. பிள்ளைகள் நேரலையாகப் பார்க்கக்கூடியது அதுதான். மார்ச் இரண்டாம் ஞாயிறு அங்கே மணிக்கூடு மாறும், அதன்பின் எல்லாம் ஒரு மணித்தியாலம் முந்தும். மார்ச் மேட்னஸ் முதல் சுற்றின் பகல் ஆட்டங்கள் நமக்கு வியாழன், வெள்ளி இரவு பத்து மணிக்குக் கொஞ்சம் முன்பே தொடங்கிவிடும். என்பிஏயின் இரவு 7.30 ஆட்டம் குளிர்காலத்தில் நமக்குக் காலை 6, பிறகு 5. பாடசாலை நாளில் அது சரிவராது, முழு மறுஒளிபரப்பைப் பாருங்கள்.

பிரஸ்: 8 செக்கன் என்பதால் கொலிஜைவிட நமக்குத்தான் லாபம் கூட. ஆனால் முழு ஆட்டமும் வேண்டாம். நீங்கள் கூடை போட்ட பிறகு, உங்கள் ஃப்ரீ த்ரோ போன பிறகு மட்டும் போடுங்கள். அப்போதுதான் ஐவரும் இடத்துக்குப் போக நேரம் இருக்கும். தவறிய ஷொட்டுக்குப் பின் பிரஸ் போட்டால் நடுவில் ஓட்டை விழுந்து நேரே லேஅப்தான். இருவர் மறிக்க வேண்டிய இடம் பக்கக் கோடும் நடுக்கோடும் சேரும் மூலை, பந்து நடுக்கோட்டைத் தாண்டிய உடனே. தாண்டியவன் திரும்பப் பின்னால் கொடுக்க முடியாது. மறிப்பவர்கள் கையைக் கீழே கொண்டுபோய்த் தட்டினால் ஃபவுல், கை இரண்டும் மேலே நிற்கட்டும். குவார்ட்டரில் நான்கு அணி ஃபவுல் ஆகிவிட்டால் அந்தக் குவார்ட்டர் முடியும்வரை பிரஸை எடுத்துவிடுங்கள், பிறகு தட்டுகிற ஒவ்வொரு கைக்கும் இரண்டு ஃப்ரீ த்ரோ.