மறு: பொலினியாவுக்குத் தமிழ்ச் சொல் – ‘உறையாமடு’ எப்படி?

வணக்கம்.

துருவக் கடல் உறைந்து கிடக்கும்போது நடுவில் உறையாமல் திறந்து கிடக்கும் நீர்ப்பரப்புதான் பொலினியா (polynya). அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று பேசும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இங்கே சொல்லப்பட்ட ‘பனிசூழ் திறந்த நீர்ப்பரப்பு’ என்பது விளக்கம், சொல் இல்லை; ஒரே பத்தியில் நாலு தடவை வந்தால் படிக்கிற பிள்ளைக்கு மூச்சு வாங்கும். பொலினியா என்றே விட்டுவிடலாம் என்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ரஷ்யாவில் அது ஆய்வாளர் உருவாக்கிய சொல் அல்ல. ஆறும் ஏரியும் உறைந்து கிடக்கும் காலத்தில் ஓரிடம் மட்டும் உறையாமல் கிடந்தால் ஊர்க்காரர்கள் அதைப் பொலினியா என்பார்கள், அதைத்தான் கடலாய்வுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் ஆற்றிலிருந்து எடுத்தார்கள் என்றால் நாமும் ஆற்றுக்கே போவோமே.

கோடையில் ஆறு முழுக்க மணலாகக் கிடக்க, ஏதோ ஒரு வளைவில் மட்டும் தண்ணீர் நிற்கும் இல்லையா, எங்கள் பக்கம் மடு என்போம், தெற்கே கசம் என்பார்கள். மீனெல்லாம் அங்கே, கொக்கும் அங்கே, மாடு குளிப்பாட்டுவதும் அங்கே. துருவத்தில் இதே கதை குளிர்காலத்தில் நடக்கிறது. அங்கே கடல் வற்றுவதற்குப் பதில் உறைகிறது, அவ்வளவுதான்.

கிரீன்லாந்துக்கும் கனடாவின் எல்ஸ்மியர் தீவுக்கும் நடுவில், பாஃபின் விரிகுடாவின் வடகோடியில் இருக்கும் பொலினியாவைப் பாருங்கள். விரிந்த காலத்தில் சுமார் 80,000 சதுர கிலோமீட்டர். வடக்கே நேர்ஸ் நீரிணையின் குறுகலில் பனிப்பாளங்கள் சிக்கி வளைவாக அணைபோல் நின்றுவிடும். அதற்குத் தெற்கே புதிதாக உறைவதை வடகாற்று தள்ளிக்கொண்டே போகும். வால்ரஸ், வெள்ளைத் திமிங்கிலம், நார்வால் என்ற இன்னொரு திமிங்கிலம் எல்லாம் அதை நம்பித்தான் பிழைக்கின்றன. மே மாதம் வந்தால் கோடிக்கணக்கில் சின்ன ஆக் பறவைகள் கரைப் பாறைச் சரிவுகளுக்கு முட்டையிட வந்துவிடும். அங்குள்ள இனுயிட் மக்கள் நீளக் காம்பு வைத்த வலையால் பறக்கும்போதே அவற்றைப் பிடித்து, சீல் என்ற கடல்விலங்கின் தோலுக்குள் திணித்துத் தைத்து, மாதக்கணக்கில் புளிக்கவைத்துச் சாப்பிடுகிறார்கள். இடத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் பிகியாலசோர்சுவாக், அதாவது பேரூற்று.

பெயரிலேயே ஊற்று வந்துவிட்டது பாருங்கள். பொலினியாவில் இரண்டு வகை உண்டு, இந்த ஊற்று இரண்டாவது வகைக்குப் பெயர் வைக்க உதவும். காற்று பனியைத் தள்ளுவதால் உண்டாவது ஒன்று: அண்டார்க்டிகாவின் டெர்ரா நோவா விரிகுடாவில் கண்டத்தின் மேலிருந்து இறங்கும் காற்று இந்த வேலையைச் செய்கிறது. ஆழத்திலிருந்து வெதுவெதுப்பான நீர் ஏறி வந்து உறையவிடாமல் செய்வது இன்னொன்று: 1974 முதல் 1976 வரை மூன்று குளிர்காலங்கள் அதே அண்டார்க்டிகாவின் வெடல் கடலில் சுமார் 2,50,000 சதுர கிலோமீட்டர் திறந்து கிடந்ததே, அது. முதலாவதைக் காற்றுமடு, இரண்டாவதை ஊற்றுமடு என்று பிரித்துவிடலாம். ஆங்கிலத்தில் இவற்றை latent heat, sensible heat என்று பிரிக்கிறார்கள்; அதை அப்படியே ‘உறைவெப்ப’, ‘உணர்வெப்ப’ என்று மொழிபெயர்த்தால் இயற்பியல் படித்தவருக்கே குழப்பம்தான்.

‘பனிமடு’ ஏன் கூடாது என்று ஒருவர் கேட்டிருந்தார். பனி என்ற சொல் ஏற்கெனவே அளவுக்கு மீறிச் சுமக்கிறது, மார்கழிப் பனியும் அதுதான், இமயமலைப் பனியும் அதுதான். தவிர, பனிமடு என்றால் பனி நிறைந்த மடு என்றுதான் காதில் விழும், பொருளே தலைகீழாகிவிடும். வற்றாமடு போல உறையாமடு என்றால் விளக்கமே வேண்டாம்.

மடு என்றால் ஆழம், இது மேற்பரப்புச் சங்கதி ஆயிற்றே என்ற மறுப்பு சரிதான், ஒப்புக்கொள்கிறேன். காளிங்கன் மடுவில் இருந்து யாருக்கும் ஆழம்தான் நினைவுக்கு வரும். சில ஊர்களில் மாட்டு மடியையும் மடு என்பார்கள், அதுவும் தெரியும்! ஆனாலும் உயிரெல்லாம் ஒண்டிக்கொள்ள மிஞ்சிய தண்ணீர் என்ற பொருளைத் தருகிற வேறு சொல் எனக்கு அகப்படவில்லை. நீளமாக, கீறல்போல் திறப்பதற்கு ‘பனிப்பிளவு’ போதும். வெடல் சீல் பல்லால் சுரண்டிச் சுரண்டித் திறந்து வைத்திருப்பது மூச்சுத்துளை. இரண்டையும் இதோடு கலக்க வேண்டாம்.

இன்னொன்று பாக்கி. சில சமயம் சுற்றிலும் பனி இறுகி, வீட்டு முற்றம் அளவு தண்ணீரில் நூற்றுக்கணக்கான நார்வால்கள் அகப்பட்டு, மூச்சு விட முறை வைத்துத் தலை தூக்கும், விளிம்பில் பனிக்கரடி காத்திருக்கும். கிரீன்லாந்துக்காரர்களிடம் அதற்கென்றே ஒரு சொல் உண்டு. நம் ஊரிலும் பங்குனி கடைசியில் மடு சுருங்கி, முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீரில் மீன்கள் துள்ளிக் கிடக்கும் நிலை இருக்கிறதே, அதற்கு ஆற்றோரத்துக்காரர்கள் யாராவது தனிச் சொல் வைத்திருக்கிறீர்களா? வீட்டில் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள்.