19 வாட்டா, 25 வாட்டா?

குளச்சல் பட்டறை:
நேற்று இந்தக் குழுவில் மார்த்தாண்டத்துத் தம்பி ஒருவர் எழுதியிருந்தார்: "ரேடியோ சிக்னலுக்கு வலுவேற்றும் பவர் ஆம்ப்ளிஃபயர் இனித் தன்னைத் தானே சோதித்து, தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். பட்டறைக்காரரின் மீட்டருக்கு வேலை இல்லை." படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போன வாரம் ஒரு விசைப்படகிலிருந்து இறக்கிய விஎச்எஃப் ரேடியோ செட் என் மேசையில் இருக்கிறது. சுயசோதனையை ஓட்டினால் திரையில் "சரி" என்று வருகிறது, வெளியேறும் பவர் 25 வாட் என்று காட்டுகிறது. ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் 50 ஓம் டம்மி லோடில் மாட்டி, நடுவே என் பவர் மீட்டரை வைத்தேன். 19 வாட். மூன்று முறை வைத்தேன், மூன்று முறையும் 19. மீதி ஆறு வாட் எங்கே போயிற்று?

மார்த்தாண்டம் மாணவன்:
அண்ணன், நான் எழுதியது பழைய செட்டைப் பற்றி அல்ல, சிப்புக்குள்ளேயே வரும் சோதனையைப் பற்றி. ஆம்ப்ளிஃபயர் ட்ரான்சிஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு வெப்ப உணரியை வைக்கிறார்கள். அது சிக்னல் பாதையைத் தொடுவதே இல்லை. ட்ரான்சிஸ்டர் எவ்வளவு சூடாகிறது என்பதிலிருந்து அதன் நிலையைக் கணிக்கிறார்கள். கூடவே சிக்னல் பாதையில் சேராத போலி ட்ரான்சிஸ்டர் ஒன்றையும் அருகில் அமைக்கிறார்கள். இரண்டும் ஒரே சிலிக்கானில் உருவானவை, அதனால் உற்பத்தியில் வரும் விலகல் இரண்டிலும் ஒன்றுபோல் இருக்கும். விலகல் தெரிந்ததும் பயாஸை, அதாவது ட்ரான்சிஸ்டருக்குக் கொடுக்கும் இயக்க மின்னழுத்தத்தை, மாற்றிச் சரிசெய்துவிடலாம். அது இருக்கட்டும், உங்கள் மீட்டரில் எந்த எலிமென்ட், அதாவது எத்தனை வாட் வரை அளக்கும் செருகு? பேர்ட் 43 ரக மீட்டர் என்றால் துல்லியம் முழு அளவில் 5 சதவீதம். 100 வாட் எலிமென்ட் போட்டிருந்தால் முன்பின் 5 வாட். உங்கள் 19, உண்மையில் 24 ஆக இருக்கலாம்.

குளச்சல் பட்டறை:
50சி போட்டேன் தம்பி. 50 வாட்டில் 5 சதவீதம் இரண்டரை வாட். தாராளமாகக் கூட்டினாலும் இருபத்தொன்றரை. 25 ஆகாது!

இனிக் காரணத்தைக் கேள். மூடியைக் கழற்றினேன். வெளியேறும் பவரில் ஒரு துளியை எடுத்து, அதை அளக்கும் டையோடுக்குக் கொடுக்கும் இடத்தில், டையோடை ஒட்டிய மின்தடையின் ஒரு கால் உப்புக்காற்றில் அரித்து, பற்றவைத்த ஈயத்தைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அந்தக் கால் பலவீனமானால் டையோடு காட்டும் மின்னழுத்தம் ஏறிவிடும். செட் என்ன நினைக்கும்? பவர் கூடிவிட்டது என்று ஆம்ப்ளிஃபயரை அடக்கும். டையோடு 25 என்று சொல்லும்வரை அடக்கும். வெளியே போவது 19. பிறகு சுயசோதனை அதே டையோடிடம்தான் போய்க் கேட்கிறது, "25தானே?" என்று. அது வேறு என்ன சொல்லும்? வேலிக்கு ஓணான் சாட்சி. குளச்சல் ஏலத்தில் தராசுக்கு அரசு முத்திரை எதற்கு? தராசுக்காரனே தன் தராசுக்குச் சாட்சி சொல்லக் கூடாது என்பதற்குத்தான்.

நீரோடிக் கடலோடி:
19 என்றால் என்ன, 25 என்றால் என்ன? தூத்தூர், வள்ளவிளைப் படகுகள் போகும் தூரத்துக்கு விஎச்எஃப் எட்டவே எட்டாது. இரண்டு படகிலும் ஆன்டெனா 4 மீட்டர் உயரம் என்றால் ஏறக்குறைய 16 கிலோமீட்டர்தான். பூமி வளைந்திருக்கிறது, வாட்டைக் கூட்டி அதை நிமிர்த்த முடியாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது நடுக்கடலில் கிடந்தவர்களுக்கு இந்த 25 வாட் என்ன செய்தது?

குளச்சல் பட்டறை:
ஒக்கியின் பெயரைச் சொல்லி என் வாயை அடைக்காதே. என் தெருவிலும் ஒப்பாரி கேட்டது. கரையிலிருந்து 10 கிலோமீட்டரில் எஞ்சின் நின்று, அபாய அழைப்புக்கான 16ஆம் சேனலில் கூப்பிடுகிறவனிடம் போய் வாட் தேவையில்லை என்று சொல்.

நீரோடிக் கடலோடி:
10 கிலோமீட்டருக்கு 1 வாட்டே போதும். இரண்டு வருடத்துக்கு முன் கடலாழம் காட்டும் என் எக்கோ சவுண்டரைப் பார்க்க வாங்கிய கூலியை நீர் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. இப்போது செட்டே தன்னைச் சோதித்துக்கொண்டால் வரும்படி போய்விடும். உமது கோபம் அதுதான்.

குளச்சல் பட்டறை:
அன்று நீர் கொண்டுவந்தது தண்ணீர் புகுந்த பெட்டி. இரண்டு நாள் உட்கார்ந்து காயவைத்துத் துடைத்தேன். வாங்கிய கூலிக்குக் கணக்கு இருக்கிறது, வந்து பாரும். எந்த வேலையையும் கையால் தொட்டுப் பார்க்காமல் நான் "சரி" என்று சொன்னதில்லை.

மார்த்தாண்டம் மாணவன்:
பவர் விகிதத்தைச் சொல்லும் டெசிபல் கணக்கில் 25க்கும் 19க்கும் வித்தியாசம் 1.2தான் அண்ணன். கேட்பவர் காதுக்கே தெரியாது. நான் சொல்ல வருவது, டையோடு ஒன்றையே நம்ப வேண்டியதில்லை என்பது. 13.6 வோல்ட்டில் 4 ஆம்பியர் இழுத்தால் உள்ளே போவது 54 வாட். 25 வாட் வெளியேறினால் 29 வாட் வெப்பமாகும். 19தான் வெளியேறுகிறது என்றால் 35 வாட் வெப்பம். மின்னோட்டத்தையும் வெப்பத்தையும் தனித்தனியாக அளக்கும் சோதனை உங்கள் களிம்பை அன்றே பிடித்திருக்கும். உங்கள் செட் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது?

குளச்சல் பட்டறை:
ஆம்பியரை விடு. காதுக்குத் தெரியாது என்கிறாய், ஆனால் செட் சொன்னது பொய்தானே? இன்று ஆறு வாட்டை மறைக்கிறது. கேபிளுக்குள் தண்ணீர் இறங்கி, போகும்போது 5, திரும்பும்போது 5 டெசிபல் என்று தின்றுவிட்டால், மேலே ஆன்டெனா அறுந்தே போயிருந்தாலும் செட்டுக்குத் திரும்பி வருவது பத்தில் ஒரு பங்குதான். திரும்பி வருவதைக் கொண்டு ஆன்டெனா நிலையைச் சொல்லும் எஸ்டபிள்யூஆர் அளவும் 2க்குக் கீழே நிற்கும். உன் சிப் அப்போதும் "சரி" என்றே சொல்லும். படகுக்காரன் அதை நம்பிக் கடலுக்குப் போவான்.

மார்த்தாண்டம் மாணவன்:
கேபிள் ஆம்ப்ளிஃபயர் அல்ல. அதைச் சோதிப்பதாக யாரும் சொல்லவில்லை.

குளச்சல் பட்டறை:
"மீட்டருக்கு வேலை இல்லை" என்று சொன்னது நீ.

தக்கலை வாசி:
இருவரும் வேறு வேறு விஷயத்தைப் பேசுகிறீர்கள். சோதனை என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதை முதலில்...

குளச்சல் பட்டறை:
நான் பேசுவது 19 வாட்டைப் பற்றி, தக்கலை ஐயா. குறுக்கே வராதீர்கள்.

மார்த்தாண்டம் மாணவன்:
சரி, 19ஐயே பேசுவோம். உங்கள் மீட்டரைக் கடைசியாக எங்கே, எப்போது அளவுத்திருத்தம் செய்தீர்கள்? எத்தனையோ பதிவு போட்டீர்கள், அதை மட்டும் சொல்லவில்லை. முத்திரை இல்லாத தராசு உங்களிடமும் இருக்கலாம்.

குளச்சல் பட்டறை:
22 வருடமாக இந்த மீட்டரை வைத்துத்தான் இந்தக் கரையில் வேலை செய்கிறேன். என்னைக் கேள்வி கேட்க உனக்கு வயது போதாது.

மார்த்தாண்டம் மாணவன்:
வயதைக் கேட்கவில்லை அண்ணன். தேதியைக் கேட்டேன்.

குளச்சல் பட்டறை:
இப்போதுதான் செட்டுக்குப் பவர் சப்ளையை மாற்றி மறுபடி பார்த்தேன். 13.6 வோல்ட். 19 வாட். செட்டும் மீட்டரும் மேசையில் இருக்கின்றன. ஞாயிறு பூசை முடிந்ததும் கதவு திறந்திருக்கும். உன் வெப்ப உணரியை எடுத்துக்கொண்டு வா.