புதுப்பிப்பு: கர்ப்பகால பிரஷரும் வலிப்பும், மலையிலிருந்து இறக்குமுன் செய்ய வேண்டியது

போன பதிவில் கால் வீக்கத்தை முதல் அறிகுறியாக எழுதியதைத் திருத்துகிறேன். வீக்கமே இல்லாமலும் வலிப்பு வரும். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, 160/110 அல்லது அதற்கு மேல் பிரஷர்: இவைதான் அவசரம்.

மலைமேல் இருக்கும் பீஞ்சமந்தையிலிருந்து அடுக்கம்பாறை (வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) வரை, வலிப்பைத் தடுக்கும் ஊசி போடாமலே அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது, மலைப்பாதையிலேயே வலிப்பு வந்துவிடலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அந்த ஊசியை, மக்னீசியம் சல்பேட் 10 கிராம், போட்டு அனுப்புங்கள். 50 சதவீத மருந்து, 2 மில்லி ஆம்ப்யூலில் 1 கிராம். ஆக ஒவ்வொரு புட்டத்துக்கும் 5 ஆம்ப்யூல் (5 கிராம்), தசையின் ஆழத்தில். நன்றாக வலிக்கும், முன்பே சொல்லிவிடுங்கள். போட்ட நேரத்தையும் அளவையும் சீட்டில் எழுதாமல் விட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி முழு அளவு ஏறும். அங்கேதான் ஆபத்து.

மருந்து மிஞ்சினால் முதலில் முழங்கால் துடிப்பு (முட்டிக்குக் கீழே தட்டினால் கால் உதறுவது) போகும், பிறகு மூச்சு. அடுத்த டோஸுக்கு முன் துடிப்பு இருக்கணும், மூச்சு நிமிடத்துக்கு 16-க்கும், சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்கும் குறையக்கூடாது. மிஞ்சிய மருந்துக்கு முறிமருந்து கால்சியம் குளுக்கோனேட் 10 சதவீதம், 10 மில்லி, ரத்தக்குழாயில் (IV) மெதுவாக.

வண்டியில் இடது பக்கமாகப் படுக்க வையுங்கள். 34 வாரத்துக்குள் என்றால் குழந்தையின் நுரையீரலுக்கு டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம் முதல் டோஸையும் இங்கேயே போடலாம்.