அப்பாவின் கால் அகற்றப்பட்டது: வைத்தியசாலையின் கவனயீனத்துக்காக வழக்குத் தொடரலாமா?

கேள்வி: களுதாவளை வாசகி

என் தந்தை வெற்றிலைத் தோட்டம் செய்பவர். நீண்ட காலமாக நீரிழிவுக்கு மருந்து எடுத்து வருகிறார். கால் பெருவிரலில் ஏற்பட்ட புண் ஆறாமற் போனதால் அவரை ஒரு தனியார் வைத்தியசாலையில் சேர்த்தோம். அங்கு விரலை அகற்றினார்கள். அதன் பின்னர் பாதம் கறுத்து வருவதாக அம்மா தாதியரிடம் பல தடவை சொல்லியும், விசேட வைத்திய நிபுணர் வந்துதான் பார்க்க வேண்டும் என்று கூறி எவரும் புண்ணில் போட்டிருந்த கட்டை அவிழ்க்கவில்லை. நிபுணரோ சில நாட்கள் கழித்தே வந்தார். பின்னர் அரச வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டு, முழங்காலுக்குக் கீழே கால் அகற்றப்பட்டது. கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருக்கலாமே என்று அங்கிருந்த வைத்தியர் ஒருவர் சொன்னார்.

சத்திரசிகிச்சைக்கு முன் அப்பா கையொப்பமிட்ட சம்மதப் பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எவரும் விளக்கவுமில்லை. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது. எங்களிடம் இருப்பவை பற்றுச்சீட்டும் நோய் நிர்ணய அட்டையும் மட்டுமே. இது சட்டப்படி கவனயீனமா? எங்கே முறையிட வேண்டும்?

பதில் 1: சட்டத்தரணி, மட்டக்களப்பு

சகோதரி, முதலில் காலத்தைப் பாருங்கள். கவனயீனத்தால் ஏற்பட்ட தீங்குக்கு நட்டஈடு கோரும் வழக்கை, 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வைத்தியசாலையுடனான வாய்மொழி ஒப்பந்தம் மீறப்பட்டது என்ற அடிப்படையில் மூன்று ஆண்டுகள் வரை வாதிட இடமிருந்தாலும், அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

இத்தகைய வழக்குகள் இலங்கையில் ரோமன் டச்சுச் சட்டத்தின் (ஒல்லாந்தர் காலத்திலிருந்து வரும் பொதுச் சட்டம்) கீழேயே வருகின்றன. வைத்தியருக்குக் கவனத்துடன் நடக்கும் கடமை இருந்தது, அதை அவர் மீறினார், அந்த மீறலே தீங்குக்குக் காரணம், அதனால் இழப்பு ஏற்பட்டது என்ற நான்கையும் உங்கள் தந்தைதான் நிரூபிக்க வேண்டும். பெரும்பாலான வழக்குகள் தோற்பது மூன்றாவதிலேயே. குழந்தை மருத்துவப் பேராசிரியர் பிரியானி சொய்சாவுக்கு எதிராக ஒரு சிறுமியின் தந்தை தொடர்ந்த வழக்கு இதற்குப் பெயர் பெற்றது. மூளைத்தண்டில் இருந்த கட்டி உரிய நேரத்தில் கண்டறியப்படவில்லை என்பது முறைப்பாடு. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் வழங்கியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001 இல் உயர் நீதிமன்றம், கவனயீனம் இருந்ததை ஏற்றுக்கொண்டும், முன்னரே கண்டறிந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று கூறி வழக்கைத் தள்ளுபடி செய்தது.

உங்கள் வழக்கிலும் எதிர்த்தரப்பு இதையே கேட்கும்: நீரிழிவால் இரத்தக் குழாய் ஏற்கனவே அடைபட்டிருந்தவருக்கு, அன்றே கட்டை அவிழ்த்திருந்தாலும் கால் தப்பியிருக்குமா? இதற்கு விடை சொல்லக்கூடியவர் குருதிக்குழாய்ச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரே. இந்த மாவட்டத்தில் வைத்தியர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்பதால், சாட்சியத்துக்கு வெளி மாவட்டத்தில் ஒருவரைத் தேடுவதே நடைமுறைக்கு உகந்தது. அரச வைத்தியசாலையில் வைத்தியர் வாய்மொழியாகச் சொன்னது ஆறுதல் தரலாம். நீதிமன்றத்தில் அவர் வந்து சொன்னால்தான் சாட்சியம்.

ஒன்று உங்களுக்குச் சாதகம். பிள்ளை இறந்துவிட்ட அந்த வழக்கில் தந்தைக்குப் பண இழப்பை மட்டுமே கோர முடிந்தது. இங்கே பாதிக்கப்பட்டவரே உயிருடன் இருப்பதால், செலவு, தோட்ட வருமான இழப்பு ஆகியவற்றுடன் வேதனைக்கும் உறுப்பிழப்புக்கும் நட்டஈடு கோரலாம். கட்டணம் கட்ட வசதியில்லையென்றால் மட்டக்களப்பிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தை நாடுங்கள்.

பதில் 2: ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர், கல்முனை

மகள், நான் வைத்தியசாலைகளின் பக்கம் நின்று பேசுவதாக நினைக்க வேண்டாம். எல்லாம் சரியாகச் செய்தும் நீரிழிவுக்காரரின் கால் போவதைப் பல தடவை கண்டிருக்கிறேன். கெட்ட விளைவு ஏற்பட்டது என்பதற்காக அது கவனயீனம் ஆகிவிடாது. ஆனால் நீங்கள் சொல்வதில் இரண்டு விடயங்கள் எனக்கு உறுத்துகின்றன. பாதத்தின் நாடித்துடிப்பையும் இரத்த ஓட்டத்தையும் பரிசோதிக்காமல் விரலை அகற்றியிருந்தால், பிழை சத்திரசிகிச்சைக்கு முன்னரே தொடங்கிவிட்டது. அடுத்தது, கறுக்கிறது என்று வீட்டார் சொன்ன பிறகு கட்டை அவிழ்த்துப் பார்ப்பதற்கு நிபுணர் வரத் தேவையில்லை. விடுதியில் கடமையிலிருந்த வைத்தியரை அழைத்துக் காட்டுவதும், நிபுணருக்குத் தொலைபேசியில் அறிவிப்பதும், அதை நேரத்துடன் எழுதி வைப்பதும் தாதியின் கடமை. அழைப்புக் கிடைத்தும் வராமலிருப்பது நிபுணரின் பொறுப்பு.

ஆகவே நோய் நிர்ணய அட்டையுடன் நின்றுவிடாதீர்கள். பெட் ஹெட் டிக்கற் (விடுதியில் நோயாளியின் அன்றாட நிலையும் சிகிச்சையும் எழுதப்படும் பதிவு), காய்ச்சல் அட்டவணை, இரவு நேரத் தாதியர் அறிக்கை, சம்மதப் பத்திரம் ஆகியவற்றின் பிரதிகளை அப்பாவின் கையொப்பத்துடன் பதிவுத் தபாலில் கேளுங்கள். அரச வைத்தியசாலையிலுள்ள பதிவுகளை 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு தர வேண்டும். மருத்துவப் பதிவு என்பதால் அப்பாவின் எழுத்து மூலச் சம்மதத்தையும் இணையுங்கள். கால் எந்த நிலையில் அங்கு வந்து சேர்ந்தது என்பதை அவர்களுடைய அனுமதிக் குறிப்புத்தான் காட்டும்.

பதில் 3: அக்கரைப்பற்று வாசகர்

நீதிமன்றம் ஏறுவதற்கு முன் இலங்கை மருத்துவ சபைக்குச் சத்தியக்கடதாசியுடன் முறையிடுவதே நல்லது என்பது என் கருத்து. செலவு குறைவு, வைத்தியரின் பதிவையே நீக்கும் அதிகாரம் அச்சபைக்கு உண்டு. நட்டஈடு மட்டும் அங்கே கிடைக்காது. வைத்தியசாலை குறித்துத் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபைக்கும் எழுதலாம்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. அந்த நிபுணர் பகலில் அரச வைத்தியசாலையிலும் கடமையாற்றுபவர். அப்படியானால் அரசையும் எதிராளியாக்க வேண்டுமா? சம்மதப் பத்திரத்தில் அப்பா கையொப்பமிட்டது எங்களுக்குப் பாதகமாகுமா?

சட்டத்தரணி, மட்டக்களப்பு

அரசு இதில் வராது. அவர் தனிப்பட்ட முறையில் செய்த சிகிச்சை இது. அரச வைத்தியசாலையில் நடந்திருந்தால் சட்டமா அதிபரை எதிராளியாக்கி, அதற்கு ஒரு மாதம் முன்னதாக அறிவித்தலும் கொடுத்திருக்க வேண்டும். இங்கே தாதியரின் முதலாளி என்ற வகையில் வைத்தியசாலையையும், தனிப்பட்ட முறையில் நிபுணரையும் சேருங்கள். ஒருவரை மட்டும் சேர்த்தால், அவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பிக்கொள்வார்.

சம்மதக் கையொப்பம் கவனயீனத்துக்கான அனுமதியல்ல. விரலை அகற்றுவதற்குத்தான் அவர் சம்மதித்தார், கட்டை அவிழ்க்காமல் விடுவதற்கல்ல. புரியாத மொழியில், விளக்கமின்றிப் பெறப்பட்ட சம்மதம் உண்மையான சம்மதமா என்பதையும் தனியே கிளப்பலாம். எனினும் அதையே முதன்மை வாதமாக்க மாட்டேன், ஏனெனில் விளக்கியிருந்தாலும் உங்கள் தந்தை விரலை அகற்றச் சம்மதித்திருப்பார் என்று அவர்கள் எளிதில் சொல்லிவிடுவார்கள்.

அக்கரைப்பற்று நண்பரின் ஆலோசனையில் ஒரு திருத்தம்: மருத்துவ சபைக்கு முறையிடுங்கள், ஆனால் அதன் முடிவுக்காக வழக்கைத் தள்ளிப்போடாதீர்கள். அங்கு விசாரணை நடப்பதால் இரண்டாண்டுக் கணக்கு நின்றுவிடுவதில்லை. இரு வேலைகளும் ஒருங்கே நடக்கட்டும். நட்டஈடு கேட்டு எதிர்த்தரப்புக்கு அனுப்பும் கோரிக்கைக் கடிதம் இந்த மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.