கொக்குவில் வீடு குடும்பக் குழு: டிக்கெற் 6 ஆ 7 ஆ

சிவா: அம்மாவின்ரை ஆட்டத் திவசத்துக்கு டிக்கெற் போடுற ஏஜென்ற் நாளைக்குள்ள முடிவு கேக்கிறான். தை 18 போய் மாசி 6 திரும்பல். பாஸ்போட்டில இருக்கிற மாதிரிப் பேர் அனுப்புங்கோ.

ரமணன்: நாங்கள் 2

கலா: நானும் இவரும். துஷி பிறகு சொல்லுறன் அண்ணா

சிவா: பிறகெண்டால்?

பவளம்: அனைவருக்கும் இனிய காலை வணக்கம்

வதனி: அம்மம்மான்ரை திவசத்துக்கு வராமல் அப்பிடி என்ன வேலை

கலா: வேலை இல்லை மச்சாள். ஆஸ்பத்திரிக் கதை ஒண்டு. அவளின்ரை சீனி வருத்தத்துக்கு ஏதோ கருவி உள்ளுக்கு வைக்கிற சோதனையாம், கூப்பிட்டிருக்கினம்

பவளம்: பிள்ளைக்கு என்ன??

பவளம்: கலா போனை எடு

வதனி: *பலமுறை பகிரப்பட்டது*
சர்க்கரை நோய்க்கு முற்றுப்புள்ளி!! இனி ஊசியே வேண்டாம்!! தோலுக்கு அடியில் சிறிய கருவி!! 12 பேரில் 10 பேர் பூரண குணம்!! மருத்துவ உலகம் அதிர்ச்சி!! உடனே 10 பேருக்கு அனுப்பவும்!!

வதனி: இதுவோ

சிவா: எனக்கும் வைப்பினமோ? மெற்போமின் குடிச்சு அலுத்துப் போச்சு

ரமணன்: நீங்கள் முதல்ல மட்டன் ரோல்ஸை நிப்பாட்டுங்கோ அப்பா

துஷி: அம்மா ஏன் இஞ்சை போட்டனீங்கள்

துஷி: மாமி அது வேறை

குகன்: நைற் சிப்ட். இப்பத்தான் பாத்தன். வதனி மாமி அனுப்பினதில ரெண்டு கதையைப் போட்டுக் குழைச்சிருக்கு. பொறுங்கோ எழுதுறன்.

ரமணன்: போச்சு

ரமணன்: தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்

குகன்: 12 பேரில 10 எண்டது சரி. வேர்ட்டெக்ஸ் எண்ட அமெரிக்கக் கொம்பனி, 2025 இல வந்த முடிவு. ஆனால் அதில கருவியே இல்லை. ஸ்டெம் செல்லை (வேறை கலமா மாறக்கூடிய மூலக் கலம்) வளத்து இன்சுலின் சுரக்கிற கலங்களாக்கி, ஈரலுக்குப் போற நாளத்துக்குள்ள இறக்கினவை. ஒரு வருசத்தால 10 பேருக்கு ஊசி தேவைப்படேல்லை. அந்தக் கலங்களை உடம்பு கொல்லாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை அமத்திற மருந்து எடுத்துக்கொண்டே இருக்கவேணும். அதே கொம்பனி அதே கலங்களைக் கருவிக்குள்ள அடைச்சு வேறை ஆக்களில பாத்தது. பிழையா ஒண்டும் நடக்கேல்லை, ஆனால் காணுமான அளவு இன்சுலின் வரேல்லை எண்டு 2025 மார்ச்சில கைவிட்டிட்டினம். சிவா மாமா, உங்கட வருத்தம் ரைப் 2. இது துஷிக்கு இருக்கிற ரைப் 1 வருத்தத்துக்கு. அவளின்ரை உடம்பே சதையியில (கணையத்தில) இருக்கிற, இன்சுலின் சுரக்கிற பீற்றாக் கலங்களை அழிச்சுப்போட்டுது.

வதனி: அப்ப பொய்யோ

குகன்: பொய் எண்டில்லை மாமி. மாறிப்போச்சு

வதனி: எனக்குக் கோயில் குறூப்பில வந்தது

ரமணன்: அம்மா 10 பேருக்கு அனுப்பிட்டீங்களோ

வதனி: 8

கலா: குகன், அப்ப கருவி எண்டால் என்ன எண்டு விளக்கமாச் சொல்லு. இவள் சொன்னால் எனக்குப் பயத்தில காதுக்குள்ள ஏறுதில்லை

ரமணன்: மாமி அவனிட்டை "விளக்கமா" எண்டு சொல்லாதேங்கோ

குகன்: 2000 ஆம் ஆண்டு கனடாவில எட்மன்ரனில 7 பேருக்கு, செத்த ஆக்களின்ரை சதையியில இருந்து இன்சுலின் சுரக்கிற கலங்களை எடுத்து ஏத்தினவை. ஏழு பேரும் ஊசியை நிப்பாட்டினவை. ஆனால் உறுப்புக் குடுக்கிற ஆக்கள் கொஞ்சம். அதுக்குப் பிறகு அங்கை ஏத்தின கனபேருக்கு ஐஞ்சு வருசத்துக்குள்ள ஊசி திரும்ப வந்தது. அதாலதான் ஸ்டெம் செல், அதாலதான் கருவி. தேயிலைப் பை மாதிரி யோசியுங்கோ சித்தி. சாயம் வெளியில வரும், தூள் வராது. சான் டியாகோவில வயாசைட் எண்ட கொம்பனி 2014 இல அப்பிடி மூடின பை ஒண்டை ஆக்களில சோதிச்சது. சீனியும் ஒட்சிசனும் உள்ளுக்குப் போகும், இன்சுலின் வெளியில வரும், தாக்கிற கலங்கள் உள்ளுக்குப் போகேலாது. எதிர்ப்பை அமத்திற மருந்தும் தேவையில்லை. கேக்க வடிவாத்தான் இருக்கு. உடம்பு விடேல்லை. பிறத்திச் சாமானெண்டு சுத்திவரத் தழும்பு கட்டிப்போட்டுது. உள்ளுக்கிருந்த கலங்கள் மூச்சில்லாமல் செத்துப்போச்சு.

பவளம்: ஐயோ

குகன்: 2017 இல அதே பையில துளை போட்டினம். இரத்த நாளம் உள்ளுக்கு வளரட்டும் எண்டு. அந்தத் துளையால எதிர்ப்புக் கலமும் வரும், ஆனபடியால் திரும்ப மருந்து. வன்கூவரிலயும் வேறை இடங்களிலயும் அப்பிடிச் செய்ததின்ரை முடிவு 2023 இல வந்தது. 10 பேரில 3 பேருக்குத்தான் சொல்லக்கூடிய அளவில இன்சுலின் சுரந்தது. அதில ஒருத்தருக்கு சீனி அளவுக்குள்ள நிக்கிற நேரம் 55 வீதத்தில இருந்து 85 ஆகினது. ஊசியை ஒருத்தரும் நிப்பாட்டேல்லை.

சிவா: 10 க்கு 3. அதுக்குப் பிள்ளையைக் குடுக்கிறதோ?

துஷி: என்னை ஒருத்தரும் குடுக்கேல்லை மாமா. நான்தான் பேர் குடுத்தனான்

துஷி: எனக்கு வைக்கிறதும் துளை உள்ள வகைதான். வேறை அமைப்பு. முதல்ல ஸ்கிறீனிங். விடியப் பட்டினியா வரச்சொல்லுவினம், இனிப்புப் பால் மாதிரி ஒண்டு குடிக்கத் தந்து அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா இரத்தம் எடுப்பினம். என்ரை உடம்பு இப்ப ஏதாவது இன்சுலின் சுரக்குதோ எண்டு பாக்க, சி-பெப்டைட் எண்டு, இன்சுலினோட சேர்ந்து சுரக்கிறது. எனக்குப் பூச்சியமாத்தான் இருக்கும். அப்பிடி இருந்தால்தான் எடுப்பினம். வாழ்க்கையில முதல்தரம் பூச்சியம் எடுத்துப் பாஸ் பண்ணப் போறன்

ரமணன்: மச்சாள் எனக்குக் கணிதத்தில நடந்தது அது

துஷி: பெரிய தகடுகளோட சின்னன் சின்னனா ரெண்டு மூண்டு கூட வைப்பினம். சில மாதத்தால ஒவ்வொண்டா வெட்டி எடுத்து நுணுக்குக்காட்டியில பாக்கிறதுக்கு. தழும்போ, நாளமோ, கலம் உயிரோடையோ எண்டு

கலா: அதைத்தான் அண்ணா நான் சொல்லுறன். வெட்டி வைச்சு, வெட்டி எடுத்து. எலியோ இவள்?

வதனி: மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியுமோ

துஷி: மாமி

வதனி: கேக்கத்தானே வேணும். சம்பந்தம் கொண்டுவந்தது நான். நாளைக்கு அவை என்னைத்தான் கேப்பினம்

துஷி: அவருக்குத் தெரியும். போன மாதமே சொல்லிட்டன்

வதனி: அவருக்கு இல்லை. தாய்க்கு

கலா: மருந்து குடிக்கிற காலம் பிள்ளை உண்டாகக்கூடாதாம். கையெழுத்துப் போடுற கடதாசியில இருக்கு, நான் பாத்தன்

துஷி: என்ரை கடதாசியை ஏன் அம்மா பாக்கிறீங்கள்

கலா: சோபாவில போட்டால் பாப்பன்தான்

சிவா: குகன் நீ என்ன சொல்லுறாய்

குகன்: நான் சொல்லக்கூடாது மாமா. ஆனால் துஷிக்கு சீனி இறங்கிறது இப்ப தெரியிறேல்லை. நடுக்கம், வியர்வை ஒண்டும் வாறேல்லை. அப்பிடியான ஆக்களைத்தான் இதுக்குத் தேடுறவை. வைகாசியில கார் ஓடேக்க நடந்தது உங்களுக்குச் சொன்னவையோ தெரியாது

சிவா: என்ன நடந்தது வைகாசியில??

கலா: ஒண்டுமில்லை

துஷி: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

சிவா: எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லுறதில்லை. டிக்கெற் போட மட்டும் சிவா

பவளம்: *குரல் செய்தி 2:14*

ரமணன்: மாமி கோழி கத்திறது மட்டும்தான் கேக்குது. எழுதுங்கோ

பவளம்: ரவிக்கு இதே வருத்தம். கரண்ட் இல்லை. மண் முட்டியில மணல் போட்டுத் தண்ணி தெளிச்சு இன்சுலினை வைச்சனாங்கள்

பவளம்: 95 இடப்பெயர்வில முட்டியோட நாவற்குழிப் பாலத்தில விடியும்வரை நிண்டம். மழை

பவளம்: அதில ரெண்டு குப்பிதான் இருந்தது

சிவா: நான் காசு அனுப்பினனான் அக்கா

பவளம்: காசு வந்தது. மருந்துதான் வரேல்லை. உன்னைச் சொல்லேல்லைத் தம்பி

சிவா: சொல்லுற மாதிரித்தான் இருக்கு. 30 வருசமா

பவளம்: ஓடு மாத்திற ஆள் வந்திட்டார். 200 ஓடு உடைஞ்சு கிடக்காம். பேந்து வாறன்

வதனி: 200 ஓ? போன முறை 80 எண்டவர்

ரமணன்: குரங்கு

வதனி: குரங்குக்கு நாங்களோ காசு குடுக்கிறது? பாதி வீடு அவையின்ரை பேரில தானே

கலா: மச்சாள் அந்தக் கதை இப்ப வேண்டாம்

துஷி: பெரியம்மா, முதல் இன்சுலின் ஊசி 1922 இல ரொறன்ரோவில 14 வயசுப் பொடியன் ஒருத்தனுக்குப் போட்டது. சரிவரேல்லை, ஒவ்வாமை வந்தது. மருந்தைத் துப்புரவாக்கி 12 நாளால திருப்பிப் போட்டவை. ரவி மாமான்ரை முட்டிக்குள்ள இருந்ததும் அதுதானே. எலி எண்டால் எலி

கலா: வாய்

குகன்: துஷி, கருவியை எடுக்கவேண்டி வந்தால் முழுசா எடுக்கேலுமோ எண்டு கேட்டு வை. ஈரலுக்குள்ள இறக்கினால் திருப்பி எடுக்கேலாது, தோலுக்குக் கீழ எண்டால் எடுக்கலாம். அது ஒண்டுதான் எனக்கு இதில பிடிச்சது. மருந்தை எப்ப நிப்பாட்டுவினம் எண்டும் கேள்

துஷி: எழுதி வைச்சிருக்கிறன் அண்ணா. 23 கேள்வி

சிவா: ஸ்கிறீனிங் எப்ப

துஷி: கார்த்திகை கடைசி. எடுபட்டால் சத்திரசிகிச்சை தையில இருக்கலாம். மாசியாகவும் இருக்கலாம். எடுபடாமலும் போகலாம்

சிவா: அப்ப 6 ஆ 7 ஆ

துஷி: 7 போடுங்கோ மாமா. மாத்தலாம் தானே

சிவா: மாத்த 200 டொலர் வெட்டுவான்

வதனி: அந்த மருந்தோட ஊருக்கு வந்து ஏதும் காய்ச்சல் பிடிச்சால்?

துஷி: 3.4. அலாரம் அடிக்குது. யூஸ் குடிச்சிட்டு வாறன்

ரமணன்: ஓகே

சிவா: என்ன 3.4

குகன்: சீனி மாமா. 4 க்குக் கீழ போகக்கூடாது

சிவா: துஷி?

சிவா: கலா?

கலா: குடிக்கிறாள். பக்கத்தில நிக்கிறன்

சிவா: சரி. 7 எண்டு சொல்லி வைக்கிறன். காசு செவ்வாய்தான் கட்டுவன். அதுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்கோ

வதனி: 200 ஓட்டுக்கும் ஒரு முடிவு சொல்லுங்கோ