கடல்நீர் பட்ட கார் இருக்கை காயவே மாட்டேன் என்கிறது: வீட்டிலேயே சரிசெய்ய வழி உண்டா?

கேள்வி: தக்கலையிலிருந்து

வணக்கம். மே மாத இறுதியில் சொத்தவிளை கடற்கரைக்குப் போய்த் திரும்பியபோது, பிள்ளைகள் நனைந்த உடையோடு பின்னிருக்கையில் அமர்ந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளி சோப்புத் தண்ணீரைக் கரைத்து, அந்தத் துணி இருக்கை முழுவதையும் தாராளமாகக் கழுவினேன். சில நாட்களில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டது. இப்போது இருக்கை எந்நேரமும் பிசுபிசுக்கிறது. வெள்ளை வளையங்கள் தெரிகின்றன. தையல் ஓரங்களில் சாம்பல் நிறப் புள்ளிகள் பூத்திருக்கின்றன. கதவைத் திறந்தால் மக்கல் வாடை அடிக்கிறது. அம்மாவுக்கு இளைப்பு உண்டு என்பதால், அவர்களை இந்தக் காரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவே அஞ்சுகிறேன்.

பதில் 1: குளச்சலிலிருந்து

அண்ணே, உங்கள் இருக்கை காயாததற்கு மழை மட்டும் காரணமில்லை, உள்ளே தங்கிய உப்பும் காரணம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கசியத் தொடங்கும்; ஆடி மாதத்தில் அடுக்களையின் உப்புப் பரணியைத் தொட்டுப் பார்த்தால் இது புரியும். நீங்கள் ஊற்றிய வாளித் தண்ணீர் அந்த உப்பைத் துணியிலிருந்து கரைத்து நுரைமெத்தைக்குள் இறக்கியிருக்கிறது. ஆகவே முதலில் உப்பை வெளியே எடுக்க வேண்டும். நல்ல தண்ணீரைத் தெளிப்பான் புட்டியில் நிரப்பி, கையகல இடத்தில் தெளித்து, தேங்காய்ப்பூத் துவாலையை நான்காக மடித்து வைத்து, உள்ளங்கையால் முழுப்பலத்தோடு அழுத்துங்கள். தேய்க்காதீர்கள், தேய்த்தால் அழுக்கு பரவி வளையம் பெரிதாகும். இப்படி ஒவ்வோர் இடத்திலும் நான்கைந்து முறை செய்ய வேண்டியிருக்கும். ஈரத்தையும் உறிஞ்சும் வாக்குவம் கிளீனர் கிடைத்தால் வேலை பாதியாகக் குறையும்.

நாங்கள் காரில் மீன் கொண்டுபோகிறவர்கள். சாளை கழுவிய நீர் சிந்தினாலும் இதே முறைதான். ஆனால் வெந்நீர் மட்டும் ஆகாது, மீன் நீரிலுள்ள புரதம் சூட்டில் இறுகி நூலிழையோடு ஒட்டிக்கொள்ளும்.

பதில் 2: நாகர்கோவிலிலிருந்து

மேலே சொன்னது முற்றிலும் சரி. பூஞ்சணத்தைப் பற்றி நான் சேர்க்கிறேன். உலர்ந்த நிலையில் அதைப் பிரஷ்ஷால் தட்டினால் வித்துகள் காரெங்கும் பறக்கும். முகக்கவசம் அணிந்து, நான்கு கதவுகளையும் திறந்து வைத்து, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து புள்ளிகள்மேல் தெளித்து, அரைமணி நேரம் கழித்துப் பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்து ஒற்றி எடுங்கள். முதலில் மறைவான ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். பிளீச்சிங் திரவத்தை வினிகரோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும்.

பல கார்களில் பின்னிருக்கையின் அடிப்பாகத்தைக் கழற்றிவிடலாம். வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் அதை வெளியே எடுத்து, நிமிர்த்தி வைத்து, அடிப்பக்கம் காற்றுப்படும்படி உலர்த்துங்கள். மழை நாளில் மேசை மின்விசிறி போதும். முன்னிருக்கைகளை மட்டும் நீங்களாகக் கழற்ற வேண்டாம், அடியில் செல்லும் மஞ்சள் நிற இணைப்பிகள் ஏர்பேக்குக்கு உரியவை.

இன்னொன்றையும் பாருங்கள். ஏசி ஓடும்போது காருக்கு அடியில் நீர் சொட்டுகிறதா? சொட்டவில்லையென்றால் வடிகுழாய் அடைத்து, நீர் முன்பக்கத் தரைவிரிப்புக்கு அடியில் தேங்கலாம். என் காரில் மூன்று மாதம் இருக்கையைக் குறைகூறிக்கொண்டிருந்தேன். மிதியடியை விலக்கி விரிப்பை அழுத்தியபோது விரலிடுக்கில் நீர் ஊறி வந்தது.

பதில் 3: குலசேகரத்திலிருந்து

கறையை மறைக்க ரெக்சின் கவர் போடும் எண்ணம் இருந்தால், மெத்தை முழுதும் உலரும்வரை பொறுத்திருங்கள். ஈர மெத்தைமேல் ரெக்சின் போட்டால் ஆவி வெளியேற வழியின்றி, பூஞ்சணம் அடியில் செழித்து வளரும். நன்கு உலர்ந்தபின் ஆப்பச்சோடாவைத் தூவி ஓர் இரவு விட்டு உறிஞ்சி எடுத்தால், மிச்ச வாடையும் பெருமளவு போய்விடும். அம்மாவை ஏற்றுவதற்கு முன் ஏசியின் கேபின் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

கேட்டவர்: தக்கலையிலிருந்து

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை அடிப்பாகத்தைக் கழற்றினேன். கீழே ஒரு கைப்பிடி மணலும், மெத்தையின் அடியில் இன்னும் ஈரமும் இருந்தன. ஆறு துவாலைகள் நனையும்வரை ஒற்றி எடுத்துவிட்டுத் திண்ணையில் மின்விசிறிக்கு முன் நிறுத்தியிருக்கிறேன். ஏசி நீர் ஒழுங்காகச் சொட்டுகிறது. நாளை வினிகர் தெளிக்கப் போகிறேன்.